ஏழாவது கத்தல்

கண்ணு,

நீ கேட்ட கேசட் பீரோவில், என் கல்யாணப் பட்டுக்கு அடியில் பத்திரமாக இருக்கிறது. அதைத் தரமாட்டேன். நேற்று போனில் "பாக்கறேன் சாமி" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டேன். உனக்கு அது சம்மதமாகப் பட்டிருக்கும். நான் "பாக்கறேன்" என்றால் "இல்லை" என்று அர்த்தம். அது உன் அப்பாவுக்குத் தெரியும், உனக்கு இன்னும் தெரியவில்லை. வெள்ளிக்கிழமை உன் புது யூனிட் திறப்பு. அதற்குள் நீ இதைப் படித்தாகவேண்டும். நேரில் சொன்னால் நடுவில் யாராவது கூப்பிடுவார்கள், "ஒரு நிமிசம்மா" என்று எழுந்து போய்விடுவாய். எனக்கும் பாதி சொன்னதும் தைரியம் போய்விடும். அதனால்தான் எழுதுகிறேன். படித்துவிட்டு மடித்து ஒளித்துவைக்காதே. உன் ஹாலில் வேலை செய்கிறவர்கள் யார் கேட்டாலும் படித்துக் காட்டு. இருபது வருஷத்துக்குமேல் நான் ஒளித்துவைத்தது போதும்.

முதல் ஆர்டர் கிடைத்த அன்று நீ குதித்த குதியை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. "யாரு வந்திருக்காங்கன்னு பாருங்கம்மா" என்று போனில் ஒரு படத்தை அனுப்பினாய். கறுப்பு பனியன், அதன் நெஞ்சில் கண்ணை மூடிக்கொண்டு, மைக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, வேர்வை வழிய ஒருவர் பாடுகிறார். "உங்க பாட்டுக்காரருங்கம்மா! நம்ம கேசட்டு அட்டையில இருந்த அதே படம். அந்த ஆல்பத்தை இப்ப மறுபடியும் வெளியிடறாங்களாம், அதுக்கு டீ சர்ட்டு. உலகமெல்லாம் சுத்தி நம்மகிட்டயே வந்துட்டாரு பாருங்க!" என்றாய். நான் பாலை அடுப்பில் வைத்திருந்தேன். அது பொங்கி வழிந்து அடுப்பை அணைத்ததுகூட எனக்குத் தெரியவில்லை. பால் பொங்கினால் நல்லது என்பார்கள். அன்றைக்கு எனக்கு அப்படித் தோன்றவில்லை. வேண்டாத ஆள் ஒருவர் நம் வாசலைக் கண்டுபிடித்து வந்து நிற்பதுபோல இருந்தது.

போன வாரம் மெஷின்களை ஓட்டிப் பார்க்கிறாய் என்று தாராபுரம் ரோட்டுக்கு வந்தேனே, ஞாபகமிருக்கிறதா? ஹால் அழகாக இருந்தது, அதில் குறை சொல்லமாட்டேன். நல்ல வெளிச்சம், நல்ல காற்று, தரை முகம் பார்க்கலாம் போல இருந்தது. கூரையில் எட்டு ஸ்பீக்கர், எல்லாவற்றிலும் பாட்டு. நீ சூட்டில் படம் பதிக்கிற ஹீட் பிரஸ் பக்கம் குனிந்து ஒடிசாக்காரப் பையனுக்கு ஏதோ காட்டிக்கொண்டிருந்தாய். பத்தடி பின்னால் நின்று உன்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். இரண்டாம் முறை கொஞ்சம் சத்தமாக. மூன்றாம் முறை கத்தினேன் கண்ணு, நிஜமாகவே கத்தினேன். நீ திரும்பவில்லை. அந்தப் பையனும் திரும்பவில்லை. பாட்டு முடிந்த பிறகுதான் என்னைப் பார்த்து, "எப்ப வந்தீங்கம்மா?" என்று சிரித்தாய். பிறகு சொன்னாய்: "வேலை செய்யறவங்களுக்கு ஒரு வேகம் வருங்கம்மா. அதுவும் கச்சேரியில பதிஞ்ச பாட்டுன்னா, கூட்டம் கை தட்டறது கேக்கும். நம்ம கையும் தானா ஓடும்." இதே வார்த்தையை உன் அப்பா சொல்லிக் கேட்டிருக்கிறேன். அவர் உனக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை, நீயாகச் சொன்னாய்.

அந்தக் கேசட் நம் வீட்டுக்கு வந்த கதையில் பாதி உனக்குத் தெரியும். துணி வாங்க வந்த வெள்ளைக்காரர் ஒருவர், காரில் கேட்டுக்கொண்டே வந்ததை, போகும்போது உன் அப்பா கையில் கொடுத்துவிட்டுப் போனார். சோல் மியூசிக் என்றாராம். உயிரிலிருந்து வருகிற பாட்டு என்று உன் அப்பா எனக்கு விளக்கினார். அமெரிக்காவில் கறுப்பின மக்கள் வாரமெல்லாம் பாடுபட்டுவிட்டு சனிக்கிழமை வந்து ஆடுகிற சின்ன மண்டபம். அங்கே ஒரே நாள் சாயங்காலம் பாடியதை, இருமல் தும்மலோடு அப்படியே பதிந்திருக்கிறார்கள். ஸ்டுடியோவில் சுத்தம் செய்த பாட்டு இல்லை. நான் கணியூரில் கல்யாணத்துக்கு நாதஸ்வரமும், கோயில் நோம்பிக்கு மைக் செட்டுமாக வளர்ந்தவள். எனக்கு இங்கிலீஷில் தெரிந்ததெல்லாம் துணியில் வருகிற குறைகளின் பெயர்தான். ஆனால் அந்த ஆள் முதல் பாட்டில் வாயைத் திறந்ததும் என் கை வேலையை விட்டுவிட்டது. தொண்டை கிழிந்தால் கிழியட்டும் என்று பாடுகிற குரல். நடுவில் பாட்டை நிறுத்திவிட்டுக் கூட்டத்தைப் பார்த்து ஏதோ கேட்பார். கூட்டம் பதில் சொல்லும். பதில் போதவில்லை என்று மறுபடியும் கேட்பார். எனக்கு ஒரு வார்த்தை புரியாது, ஆனால் நானும் பதில் சொன்னேன்.

அந்தக் கூட்டத்தில் ஒரு பெண் இருந்தாள். முன்வரிசையில் உட்கார்ந்திருப்பாள் என்று நானாக வைத்துக்கொண்டேன். பாடுகிறவர் குரலை இறக்கிக்கொண்டே வந்து, மூச்சு மட்டும் கேட்கிற இடத்தில் நிறுத்துவார். அப்போது அவள் "ஆ" என்று ஒரு கத்தல் கத்துவாள். உடனே பித்தளை வாத்தியங்கள் எல்லாம் ஒன்றாக எழும்பும். கேசட்டின் முதல் பக்கத்தில் அவள் ஆறு இடத்தில் கத்துவாள். எந்தப் பாட்டில், எந்த அடிக்குப் பிறகு என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவேன். "முன்வரிசைக்காரி" என்று அவளுக்குப் பெயரே வைத்திருந்தேன். உன் அப்பா சிரிப்பார். "ஏம்புள்ள, உன்ற கூட்டாளி இன்னைக்கு என்ன சொன்னா?" என்பார்.

நம் பழைய யூனிட்டை நீ பார்த்தது பள்ளிக்கூடம் விட்டு வருகிற நேரத்தில் மட்டும்தான். முன்னால் செக்கிங் ஹால். நாற்பது பெண்கள் மேசை போட்டு உட்கார்ந்து பனியன்களைப் புரட்டிக் குறை பார்ப்பார்கள். அவர்களுக்கு நான் சூப்பர்வைசர். பின்னால், கண்ணாடி வைத்த தடுப்புக்கு அந்தப்புறம், ஸ்டீம் காலண்டர் அறை. துணியை ஆவியில் நனைத்து, சுடச்சுட உருளைகளுக்கு நடுவே விட்டு இஸ்திரி போட்டதுபோல எடுக்கிற மெஷின். உன் அப்பா ஹாலில் ஸ்பீக்கர் வைத்து அந்தக் கேசட்டைப் போட ஆரம்பித்தார். அவர் சொன்னது பொய்யில்லை, கூட்டத்தின் கைதட்டலுக்கு எங்கள் கையும் ஓடியது. அதற்குமேல் ஒரு விளையாட்டை உண்டாக்கியவள் நான். முன்வரிசைக்காரி கத்தினால் நாங்களும் திருப்பிக் கத்தவேண்டும். முதலில் நான் ஒருத்தி கத்தினேன், பிறகு நாலு பேர், பிறகு நாற்பது பேரும். தலையை நிமிர்த்தாமல், கையை நிறுத்தாமல், "ஓ" என்று ஒரு சத்தம். நீகூட ஒரு நாள் மேசைமேல் ஏறி நின்று எங்களோடு கத்தினாய். அந்தச் சத்தத்தில் அலுப்பெல்லாம் போய்விடும். மற்ற யூனிட்காரர்கள் கேலி செய்தார்கள், நாங்கள் கண்டுகொள்ளவில்லை.

ஸ்டீம் காலண்டரில் நின்றவள் பாக்கியம். சங்கரன்கோயில் பக்கத்திலிருந்து புருஷனோடும் கைக்குழந்தையோடும் வந்தவள். என்னைவிட ஏழெட்டு வயது இளையவள். வாய்த்துடுக்கு அதிகம், எனக்கு அவளைப் பிடிக்கும். அந்த மெஷினில் இரண்டு பேர் நிற்கவேண்டும். ஒருத்தி துணியை விடுவதற்கு, ஒருத்தி மறுபக்கம் எடுப்பதற்கு. அன்று மத்தியானம் பேக்கிங்கில் ஆள் போதவில்லை என்று மறுபக்கத்துக்காரியை நான்தான் கூப்பிட்டு வைத்துக்கொண்டேன். "ஒரு மணி நேரம் தனியா பாத்துக்குவியா?" என்று பாக்கியத்திடம் கேட்டேன். "நீங்க போங்கக்கா, இது என்ன யானையா, பூனையா" என்றாள். இதுவரைக்கும் எல்லோருக்கும் தெரியும். உன் அப்பாவுக்கும் தெரியும், விசாரித்து வந்தவர்களுக்கும் தெரியும். இதற்குப் பிறகு வருவது யாருக்கும் தெரியாது.

சாப்பாட்டு நேரம் முடிந்து கேசட் ஓடிக்கொண்டிருந்தது. முதல் பக்கம், மூன்றாவது பாட்டு. அது வேகமான பாட்டு, அதில் முன்வரிசைக்காரிக்கு வேலையே இல்லை. அவள் அந்தப் பாட்டு முழுக்க வாயே திறக்கமாட்டாள். வாங்குகிற கம்பெனியிலிருந்து சரக்கைச் சோதிக்க வந்தவர் என் மேசைக்கு எதிரில் நின்று, நான் சரி என்று தள்ளிய ஒரு பனியனை விளக்கில் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்போது ஒரு கத்தல் வந்தது. பெண் குரல், நீளமானது. நாற்பது பேரும் தலை நிமிராமல் "ஓ" என்று திருப்பிக் கத்தினார்கள், சிரிப்போடு. நான் கத்தவில்லை. அந்தக் கேசட்டில் ஆறுதான் உண்டு, இது ஏழாவது என்று எனக்குத் தெரியும். நிமிர்ந்து கண்ணாடியைப் பார்த்தேன். எங்கள் பக்கத்து விளக்கு பட்டு அது எப்போதும் மங்கலாகத்தான் தெரியும். பாக்கியம் முன்னும் பின்னும் போய்வருகிற நிழல் மட்டும் தெரியும். அந்த நிழல் ஒரே இடத்தில் நின்றது.

ஒன்றும் இருக்காது என்று நினைத்ததாக உன்னிடம் சொல்ல எனக்கு ஆசைதான். அப்படி நினைக்கவில்லை கண்ணு. ஏதோ ஆகிவிட்டது என்று தெரிந்தது. ஆனால் எதிரில் நிற்கிறவர் என் தப்பைக் கையில் வைத்திருக்கிறார்; இந்த நேரத்தில் எழுந்து ஓடினால் யூனிட்டைப் பற்றி என்ன நினைப்பார்; அவர் அந்தப் பனியனைக் கீழே வைக்கட்டும், போய்ப் பார்க்கலாம் என்று நின்றேன். மறுபடியும் கத்தல் வந்தது. இந்த முறை அதில் "அக்கா" என்று இருந்ததாக எனக்குப் பட்டது. நாற்பது பேரும் இன்னும் பலமாக "ஓ" என்றார்கள். அந்தச் சத்தம் அடங்கும்வரைக்கும் நின்றேன். அவர் பனியனைக் கீழே வைத்து, தலையை ஆட்டி, அடுத்த மேசைக்குப் போன பிறகுதான் போனேன். ஓடக்கூட இல்லை, நடந்து போனேன்.

அவளுடைய வலது கை உருளைக்குள் இருந்தது. நிறுத்துகிற பொத்தானும் வலது பக்கம்தான். இடது கைக்கு எட்டவில்லை. நான் பொத்தானை அழுத்தியபோது அவள் என்னைப் பார்த்தாள். அழவில்லை, கத்தவும் இல்லை. மற்றதை எழுதமாட்டேன். ஆஸ்பத்திரியில் டாக்டர் உன் அப்பாவிடம் சொன்னதை மட்டும் எழுதுகிறேன்: "சூடான உருளைங்க. இன்னும் கொஞ்சம் முன்னாடி எடுத்திருந்தா மணிக்கட்டையாவது காப்பாத்தியிருக்கலாமுங்க." அந்தக் கொஞ்சம் எவ்வளவு என்று எனக்குத் தெரியும். அந்தப் பாட்டில் இரண்டு சரணத்துக்கு நடுவே வரும் இடைவெளி அது.

விசாரித்தவர்கள் எல்லோரையும் கேட்டார்கள். "பாட்டுச் சத்தத்துல கேக்கலீங்க" என்று நாற்பது பேரும் சொன்னார்கள். அவர்கள் சொன்னது உண்மை. அவர்களுக்கு அது பாட்டுதான். நானும் அதையே சொன்னேன். நாற்பது உண்மைக்கு நடுவே ஒரு பொய்யை யார் கண்டுபிடிக்கப் போகிறார்கள்? முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்பார்கள். சோறு நிறைய இருந்தால் முடியும், நான் மறைத்தேன். உன் அப்பாவிடமும் சொல்லவில்லை. அவர், தான் ஸ்பீக்கர் வைத்ததுதான் காரணம் என்று நினைத்து நினைத்து மருகினார். மருத்துவம், பாக்கியத்துக்கு கேட்டில் உட்கார்ந்து பார்க்கிற வேலை, அவள் குழந்தைக்குப் படிப்பு என்று ஓடி ஓடிச் செய்தார். "நான்தான் புள்ள அந்தக் கையை எடுத்தது" என்று சாகிறவரைக்கும் சொன்னார். அப்போதாவது நான் வாயைத் திறந்திருக்கலாம். மூன்று வருஷத்துக்கு முன்னால் அவரை எடுத்துக்கொண்டு போனபோது அந்தப் பாரத்தையும் அவர் தலையிலேயே வைத்து அனுப்பினேன். இதற்கு எனக்கு மன்னிப்பு உண்டா என்று தெரியவில்லை.

கேசட் எங்கே என்று நீ அப்போதே கேட்டாய். டேப் அறுந்துவிட்டது என்று சொன்னேன். மூன்று நாள் அழுதாய். பிறகு எப்போதோ பீரோவில் பார்த்துவிட்டு, அம்மா ஞாபகத்துக்காக வைத்திருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டாய். "நாம அந்தப் பாட்டுலதானுங்கம்மா மேல வந்தோம்" என்று நேற்று சொன்னாய் பார், அதற்குமேல் கேட்க முடியாமல்தான் போனை வைத்தேன். இத்தனை வருஷத்தில் நான் அதைப் போட்டுக் கேட்டதில்லை. கேட்கவேண்டிய தேவையும் இல்லை. மிக்சி ஓடினால் கேட்கும், குக்கர் கூவினால் கேட்கும். மூன்றாவது பாட்டு வந்தால் உடம்பு தானாக நிமிர்ந்து உட்காரும். இப்போது நீ எட்டு ஸ்பீக்கரில் அதைப் போடப் போகிறாய். சூட்டு மெஷின் வைத்திருக்கிறாய். மொழி தெரியாத பிள்ளைகள் அதில் நிற்கிறார்கள். அவர்கள் என்ன சொல்லிக் கத்துவார்கள் என்றுகூட உனக்குத் தெரியாது. தும்பை விட்டுவிட்டு வாலைப் பிடிக்கிற வேலையை நாங்கள் செய்து முடித்துவிட்டோம். நீயாவது செய்யாதே.

உன் ஹாலிலிருந்து திரும்பியதிலிருந்து எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறி அவிநாசிபாளையம் போனேன். பாக்கியம் இப்போது அங்கே மகளோடு இருக்கிறாள், ரோட்டோரம் இட்லிக் கடை. என்னைப் பார்த்ததும், "வாங்கக்கா, எத்தன நாளாச்சு, இளைச்சுப் போயிட்டியளே" என்று ஒற்றைக் கையால் ஸ்டூலைத் துடைத்துப் போட்டாள். வழக்கம்போலத் தட்டில் இட்லி வைத்தாள். நான் தொடவில்லை. பஸ்ஸில் எத்தனையோ விதமாக யோசித்து வைத்திருந்தேன், எல்லாம் மறந்துபோயிற்று. "பாக்கியம், அன்னைக்கு எனக்குக் கேட்டுச்சு" என்று மட்டும் சொன்னேன்.

அவள் இட்லித் துணியை உதறிக்கொண்டிருந்தாள். நிறுத்தவில்லை.

"தெரியும்க்கா" என்றாள்.

அவளாகவே சொன்னாள். "நீங்க இருந்த பக்கத்துலேருந்து பாத்தா அந்தக் கண்ணாடியில ஒண்ணும் தெரியாது. நான் இருந்தது இருட்டு, நீங்க இருந்தது டியூப் லைட்டு. எனக்கு எல்லாம் தெரிஞ்சுது. நான் கத்துதேன், அவ்வளவு பேரும் வாயத் தொறந்து திருப்பிக் கத்துதாளுவ. நீங்க ஒருத்திதான் கத்தல. தலையத் தூக்கி என்னயப் பாத்துக்கிட்டே நின்னிய. அக்கா பாத்துட்டா, வந்துருவான்னு நெனச்சேன். அதான் ரெண்டாவது தடவ அக்கான்னு உங்களயே கூப்பிட்டேன்."

நான் அழுதேன். கடையில் சாப்பிட வந்தவர்கள் பார்த்தார்கள், பார்க்கட்டும் என்று அழுதேன். "ஏன் இத்தன வருசம் சொல்லல?" என்று கேட்டேன். "நீங்க சொல்லுவியன்னு இருந்தேன்" என்றாள். கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். ஒரு பஸ் வரத் தாமதமானதைச் சொல்லுவதுபோலச் சொன்னாள். மன்னித்துவிட்டேன் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. இட்லி ஆறுகிறது என்று மட்டும் சொன்னாள். சாப்பிட்டேன்.

பிறகு உன்னைப் பற்றிச் சொன்னேன். உன் யூனிட், ஸ்பீக்கர்கள், அந்தப் பனியன், திறப்பு நாளில் அந்தப் பாட்டைப் போடவேண்டும் என்று நீ பிடிக்கிற பிடிவாதம், நான் மூன்று முறை கூப்பிட்டும் நீ திரும்பாதது, எல்லாம். எப்படியாவது நிறுத்திவிடுகிறேன் என்றேன். பாக்கியம் என் காலித் தட்டை எடுத்து வைத்தாள். "எதுக்குக்கா நிறுத்தணும்? போடட்டும். பாட்டு என்ன செஞ்சுது? நானும் வாரேன். அந்தச் சூட்டு மெசின் பக்கத்துல நின்னு ஒரு கத்து கத்துதேன். தம்பி திரும்பிப் பாக்குதானான்னு பாப்போம்" என்றாள். எப்போது கத்துவாய் என்று கேட்டேன். அதை எனக்கும் சொல்லமாட்டாளாம்.

ஆகவே கண்ணு, கேசட்டைத் தரமாட்டேன், ஆனால் உன் போனிலேயே அந்தப் பாட்டு இருக்கிறது என்று எனக்குத் தெரியும். போடுவதானால் போடு. எவ்வளவு சத்தம் வைக்கவேண்டும் என்பதை நீயே முடிவு செய். பத்தடி பின்னால் நின்று ஒருவரைக் கத்தச் சொல்லிப் பார்த்து முடிவு செய்தால் நல்லது. உன் ஆட்கள் எல்லோரிடமும் ஒன்று சொல்லிவை: பாட்டில் வருகிற கத்தலா, பக்கத்தில் வருகிற கத்தலா என்று சந்தேகம் வந்தால், எதிரில் எந்த ராஜா நின்றாலும் மெஷினை நிறுத்திவிட்டு ஓடவேண்டும். நடக்கக்கூடாது. நிறுத்தினவனை நீ ஒரு வார்த்தை கேட்கக்கூடாது.

வெள்ளிக்கிழமை காலையில் நானும் பாக்கியமும் ஒன்றாக வருவோம். விளக்கு ஏற்றுவதற்கு என் பெயரைத்தான் திறப்பு விழா அழைப்பில் போட்டிருக்கிறாய். எண்ணெயும் திரியும் நான் கொண்டுவருகிறேன், தீப்பெட்டி என் கையில் இருக்கும். வந்தவர்கள் காத்திருப்பார்கள், நல்ல நேரம் போகிறது என்று யாராவது அவசரப்படுத்துவார்கள், நான் அசையமாட்டேன். பாக்கியம் எப்போதாவது கத்துவாள். நீ திரும்பினால்தான் குச்சியைக் கிழிப்பேன்.

உன் அம்மா